கட்டைவிரலுக்கு வெற்றிலை பாக்கு

அன்றைக்கு அந்தப் பந்தலில் பெட்டியைச் சுற்றி இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெருவில் ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள், அங்கே இல்லாதவர்கள்தான் நிறையப் பேசினார்கள். ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்த பெரியவர். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவருடைய மகள். பெரியவருக்குத் தங்கை முறையாகிற, ஒப்பாரி சொல்ல வந்த அம்மா ஒருவர். பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்து ஜெனரேட்டர் பக்கத்தில் பீடியோடு நின்ற ஆள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட வலது காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு, எங்கேயாவது பூமி பிளக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர். உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்த என் அண்ணன். அப்புறம் நான், கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டிபன் டப்பாவோடு. பெரியவரின் மகன் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தார், அவரைச் சேர்க்கவில்லை.

டப்பாவுக்குள் இருந்தது சாப்பாடு இல்லை. என் வீட்டுக்காரருக்கு வலது கால் கட்டைவிரல் இருக்குமா போகுமா என்பது அதற்குள் இருந்தது.

அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஒத்தக்கடைக்கும் மாட்டுத்தாவணிக்கும் நாள் முழுக்க. சர்க்கரை வியாதி வந்து வருஷமாச்சு, மாத்திரை சாப்பிடுகிற நாளைவிட மறக்கிற நாள் அதிகம். திருப்பரங்குன்றத்தில் ஒரு பௌர்ணமிக்கு வேண்டுதல் என்று வெறுங்காலோடு மலையைச் சுற்றினார். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் தரையில் தண்ணீர் சிவப்பாக ஓடியதைப் பார்த்தேன். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு பாட்டில் துண்டு, சட்டைப் பித்தான் அளவு. அவருக்குத் தெரியவே இல்லை. "ஏதோ ஈரமா இருந்துச்சு, யாரோ தண்ணி ஊத்தியிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார். காலில் உணர்ச்சி போய்விட்டது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

புண் ஆறவில்லை. மஞ்சள் வைத்தேன், அப்புறம் யாரிடமும் சொல்லாமல் வேறு சிலதும் வைத்தேன், அதையெல்லாம் இங்கே எழுதினால் டாக்டர்கள் திட்டுவார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு விரலை எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்கள். வலது கால் கட்டைவிரல் இல்லாமல் பிரேக்கை எப்படி மிதிப்பது? எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது. எனக்குத் தூக்கம் போவதற்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை. கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று மூன்று முறை எழுந்து பார்க்கிற ஆள் நான். ஆனால் இது நியாயமான காரணம்.

கோரிப்பாளையத்தில் காலுக்கென்றே ஒரு டாக்டரம்மா இருக்கிறார், சாயங்காலம் மட்டும் பார்ப்பார் என்று யாரோ சொல்லிப் போனோம். அவர் புண்ணைச் சுத்தம் செய்து, ஓரத்தில் காய்ந்திருந்த தோலையெல்லாம் வெட்டிவிட்டு, ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். நான் அதன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிப்பேன், கூட்டினதுக்கு அர்த்தம் தெரியாது.

"இது என்ன மருந்துங்க டாக்டரம்மா, பூச்சியக் கொல்றதா?"

"கொல்றது இல்லம்மா. இது வளர்க்குறது" என்றார். "புண்ணு மூடணும்னா அங்க புது செல்லு வரணும். புது செல்லு மேல இருந்து விழாது. ஓரத்துல இருக்குற செல்லு ரெண்டாப் பிரியணும், ரெண்டு நாலாகணும், அப்பிடித்தான் குழி நிறையும். ஆனா செல்லு தன்னால பிரியாது. பிரியலாம்னு அதுக்கு ஒரு தகவல் வரணும். அந்தத் தகவலக் கொண்டு வர்ற பொருளுக்குத்தான் குரோத் ஃபேக்டர்னு பேரு. நம்ம ரத்தத்துலயே இருக்கு, அடிபட்டா தானா வந்து இறங்கும். இவருக்கு இருக்குற மாதிரி நாள்பட்ட சுகர் புண்ணுல அது நிக்காது, சீக்கிரம் அழிஞ்சு போயிரும். அதனாலதான் வெளிய இருந்து தடவச் சொல்றேன்."

"தடவுனா செல்லுக்குள்ள போயிருமா?"

"போகாது. செல்லோட மேல, இதுக்குன்னே ஒரு வாசல் மாதிரி இருக்கு. அதுல வந்து உக்காரும், அம்புட்டுத்தான். வாசல்ல ஆள் வந்தாச்சுன்னதும் உள்ள ஒண்ணு இன்னொண்ணுக்குச் சொல்லி, அது அடுத்ததுக்குச் சொல்லி, நடுவுல இருக்குற உட்கரு வரைக்கும் சேதி போகும். அங்க போனதும் செல்லு தன்கிட்ட இருக்குறதையெல்லாம் ரெண்டு பிரதியா எடுத்துக்கிட்டுப் பிரிய ஆரம்பிச்சுரும்."

இது எனக்கு உடனே விளங்கியது. என் மகள் சடங்குக்கு என் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. பத்திரிகையைப் போனிலேயே படமாக அனுப்பினேன். தாய்மாமன் வராமல் சடங்கு ஏது? அவர் "பாக்கலாம், பாக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் நானும் இவரும் பஸ் ஏறி உசிலம்பட்டி போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, வாசலில் நின்று கொடுத்தோம். அண்ணி வாங்கி உள்ளே கொண்டுபோய் தன் அம்மாவிடம் காட்ட, அந்த அம்மா உள்ளறையில் கட்டிலில் கிடந்த அண்ணனிடம் சொல்ல, அண்ணன் எழுந்து வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தால் பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, பழத்தட்டு, எல்லாச் சீரும் முன்னாடியே வாங்கி வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். எல்லாம் தயார், வாசலில் முறையாக யாரும் வந்து நிற்கவில்லை என்பதால் மனுஷன் அசையவில்லை. என் வீட்டுக்காரரின் கால் பூராவும் என் அண்ணன் மாதிரி ஆட்கள்தான் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

விளங்கினால் நிம்மதி வரும் என்பார்கள். எனக்கு விளங்கினால்தான் பயம் வரும்.

"பிரியுங்கன்னு சொல்லியாச்சு சரி. நிப்பாட்டுங்கன்னு யாரு டாக்டரம்மா சொல்வா?"

"குழி நிறைஞ்சு பக்கத்துச் செல்லு மேல இடிச்சதும் தானா நிப்பாட்டிரும். அழைச்ச மருந்தும் அதுக்குள்ள கரைஞ்சு போயிரும்."

"நிப்பாட்டாம…" என்று இழுத்தேன். அந்த வியாதியின் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது. "அது இருக்குற எடத்துல இந்த மருந்த வைக்கவே மாட்டோம். இவருக்கு எல்லாம் பாத்துட்டுத்தான் எழுதுறேன்" என்றார். அப்புறம் நிபந்தனைகள் சொன்னார். பஞ்சுக்குச்சியால் மெல்லிசாகத் தடவ வேண்டும், விரலால் தொடக்கூடாது. ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், ஐஸ் கட்டுகிற மேல்தட்டில் வைக்கக்கூடாது, உறைந்தால் மருந்து வீண், வெந்தாலும் வீண். காலைத் தரையில் ஊன்றவே கூடாது, ஊன்றினால் பிரிகிற செல்லை எல்லாம் மிதித்துக் கொல்கிற மாதிரி. ஒரு மாசம் கழித்து அளந்து பார்ப்பேன், புண் பாதியாகக் குறைந்திருந்தால் விரலைக் காப்பாற்றலாம், இல்லாவிட்டால் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

முதல் நாளே ஒரு சொட்டு என் ஆள்காட்டி விரலில் பட்டுவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவினால் வாசலில் வந்து உட்கார்ந்தது எழுந்து போகுமா? ஒரு நூலை எடுத்து விரலின் நீளத்தை அளந்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் அளப்பேன். இவர் அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன, தச்சு குடுக்கப் போறியா வெரலுக்கு?"

"வளருதான்னு பாக்குறேன்."

"வளந்தா நல்லதுதான. பரண் மேல இருக்குற டப்பா எடுக்க என்னயக் கூப்புடாம நீயே எடுத்துக்குவ."

இப்படி ஒரு மாசத்துக்கு இன்னும் மூன்று நாள் பாக்கி இருக்கும்போதுதான் அந்த நாள் வந்தது. மாசாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்தினார்கள், சாயங்காலம்தான் வருமாம். எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ரப்பர் கிழிந்து பல காலம் ஆகிறது, நைலான் கயிறு போட்டுத்தான் இழுத்துக் கட்டியிருக்கிறேன். கரண்டு இருக்கும்போதே அது பாதிக் குளிர்ச்சிதான் தரும். பதினொரு மணிவாக்கில் கயிற்றை அவிழ்த்துப் பார்த்தேன். ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு தூக்கின் மூடியைத் தள்ளிவிட்டுப் பொங்கி, தட்டெல்லாம் வழிந்து, மருந்து இருந்த டப்பாவைச் சுற்றி வளைத்து நின்றது.

"என்னங்க, மருந்து கசிஞ்சு மாவுல எறங்கிருச்சுங்க" என்று கத்தினேன்.

இவர் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டே வந்து பார்த்தார். "அப்பிடின்னா விடு, ரெண்டு சொட்டுக்கு இம்புட்டு மாவா? ஆட்டோவ வித்துட்டு இட்லிக் கடை போட்ருவோம்."

டப்பாவைத் திறந்தேன். மருந்தின் மூடி மூடியபடியே இருந்தது. ஆனால் ட்யூப் கையில் வெதுவெதுவென்று இருந்தது. மாவு பொங்கியது வெக்கையில் பொங்கியது. மாவு பொங்குகிற வெக்கை என்றால் மருந்து என்ன ஆகும் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மிச்சம் இருந்தது அந்த ஒரு ட்யூப்தான்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "இப்பத்தான லேசாச் சூடாயிருக்கு, ஒண்ணும் ஆகியிருக்காது. சீக்கிரம் குளிர்ச்சியான எடத்துல வைங்க. சாயங்காலம் வரைக்கும் இப்பிடியே விட்டா நான் பொறுப்பில்ல" என்று வைத்துவிட்டார். மெடிக்கலுக்கு ஓடினேன், "எங்க ஃப்ரிட்ஜே வெந்துக்கிட்டு இருக்குக்கா" என்றார்கள். மீன் கடையில் ஐஸ் கிடைக்கும் என்று போனால் அமாவாசை என்று கடையே போடவில்லை. தற்செயலாக ஊரிலிருந்து வந்திருந்த அண்ணன், பைக்கில் உசிலம்பட்டிக்குக் கொண்டுபோய் அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம் என்று யோசனை சொன்னார். அந்த வெயிலில் மருந்து உசிலம்பட்டி போய்ச் சேருவதற்குள் கஞ்சி காய்ச்சினது மாதிரி ஆகிவிடும்.

அப்போதுதான் அடுத்த தெருவிலிருந்து ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. பெரியவர் விடியற்காலையில் தவறிவிட்டார் என்று எங்களுக்குத் தெரியும், போகத்தான் வேண்டும். கரண்டு இல்லாத ஊரில் ஒரே ஒரு குளிர்ந்த இடம் இருந்தது, அதில் அவர் படுத்திருந்தார்.

"ஏத்தா, வேணாம். ஊரு சிரிக்கும்" என்றார் அண்ணன்.

"வெரலு போனா ஊரா வந்து பிரேக்கு மிதிக்கும்?" என்றேன். ட்யூப்பைக் கைத்துண்டில் சுற்றி, டிபன் டப்பாவில் போட்டு, மூவருமாகப் போனோம். இவரை அண்ணன் பைக்கில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார், கால் ஊன்றக் கூடாதே.

முறையாகக் கொஞ்ச நேரம் அழுதேன். உண்மையான அழுகைதான், வேறு காரணத்துக்காக. அப்புறம் மகளின் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டிக்காரர் முந்திக்கொண்டார்.

"அதெல்லாம் ஆகாதுக்கா. பாடியத் தவிர எதுவும் வைக்கக் கூடாதுன்னு ஓனர் சொல்லியிருக்காரு."

"அண்ணே, இது மருந்துண்ணே. ஓரமா கால்மாட்டுல கெடக்கும்."

"மருந்தா? இனிமே எதுக்குக்கா அவருக்கு மருந்து?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அழுகை மாதிரிதான் தெரிந்திருக்கும். "தெறந்து வைங்கண்ணே" என்றார். "எங்கப்பா உசுரோட இருந்தப்ப வீட்டு வாசல்ல ஒரு சைக்கிள நிறுத்த எடம் குடுத்ததில்ல. போற அன்னைக்காச்சும் குடுக்கட்டும்."

உண்மைதான். என் வீட்டுக்காரரின் ஆட்டோ அவர் வீட்டு நிழலில் நின்றதற்காக மேலே தண்ணீர் ஊற்றியவர் அவர்.

"உறைஞ்சிராதுல்லண்ணே?" என்று பெட்டிக்காரரைக் கேட்டேன்.

"இதுவரைக்கும் எந்த பாடியும் உறைஞ்சேன்னு சொன்னதில்லக்கா" என்றார்.

கண்ணாடி மூடியைத் தூக்கி, பெரியவரின் கால்மாட்டில் டப்பாவை வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த இவர், யாரென்றே தெரியாத மாதிரி என்னைப் பார்த்தார். அரைமணிக்கு ஒரு தடவை பெட்டிமேல் கவிழ்ந்து உள்ளே பார்த்துக்கொண்டேன். புதிதாக வந்த சொந்தக்காரர்கள் என்னைப் பெரியவருக்கு வேண்டப்பட்டவள் என்று நினைத்துத் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்கள். ஒப்பாரி சொன்ன அம்மா கண்ணில் டப்பா பட்டுவிட்டது. "சோத்துச் சட்டிய நீ கையோட கொண்டு போறியே, அங்க ஒனக்குப் பரிமாற ஆளில்லையா" என்று பாட்டிலேயே அதையும் சேர்த்துவிட்டார்.

அந்தப் பாட்டைக் கேட்டதுமே டப்பாவை எடுத்திருக்க வேண்டும். கரண்டு வந்துவிட்டதா என்று பார்க்க அண்ணனோடு வீட்டுக்கு ஓடினேன். வரவில்லை. திரும்பி வரும்போது ஜெனரேட்டர் சத்தம் நின்றிருந்தது, பறை கேட்டது. மகன் வந்துவிட்டார், நல்ல நேரம் தாண்டுகிறது என்று அவசரமாக எடுத்துவிட்டார்கள். இவர் நாற்காலியில் இருந்தபடி கத்தியது பறைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லையாம். பெட்டி காலியாகக் கிடந்தது. பெட்டிக்காரர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, டப்பா?"

"அவருக்குப் பிரியமானதுன்னு பேசிக்கிட்டாங்கக்கா. கூடவே வச்சுக் கெளம்பிட்டாங்க."

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போக மாட்டோம். முச்சந்தி வரைதான். அங்கே வண்டியிலிருந்து பாடையை இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றி வைப்பார்கள், பெண்கள் சுற்றி வந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். பாடை அதைத் தாண்டிவிட்டால் டப்பாவும் எரியும், விரலும் போகும். நான் அவ்வளவு வேகமாக ஓடினது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அண்ணன் எனக்கு முன்னே ஓடி, இறக்கிய பாடையைத் தூக்கப் போனவர்களைக் கையை விரித்து மறித்து நின்றார். "இருங்கப்பா, பொண்ணுக இன்னும் சுத்தல" என்றார். எல்லாப் பெண்களும் சுற்றி முடித்திருந்தார்கள்.

நான் ஒரு ஆள் மட்டும் சுற்றினேன். கால்மாட்டுக்கு வந்ததும் அப்படியே விழுந்து மாலைக் குவியலுக்குள் கையை விட்டேன். பொரியும் பூவும் விரலில் தட்டியது, டப்பா தட்டவில்லை. இன்னும் உள்ளே விட்டேன். பெரியவரின் காலைத்தான் கட்டிப்பிடித்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. பின்னால் யாரோ, "அம்புட்டுப் பாசம் வச்சிருந்திருக்கு பாரு" என்றார்கள். சென்னையிலிருந்து வந்த மகன், இது யார் என்று தன் அக்காவைச் சந்தேகமாகப் பார்த்ததாக அப்புறம் சொன்னார்கள்.

"ஏத்தா, கெடச்சுதா இல்லயா?" என்று அண்ணன் ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

கிடைத்தது. இடது பாதத்துக்குப் பக்கத்தில். முந்தானைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தேன். தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருந்தது. வீட்டுக்குப் போகும்போது தெரு விளக்கு எரிந்தது, பகலிலேயே. கரண்டு வந்துவிட்டது.

சாவு வீட்டுக்குப் போனால் தலை முழுக வேண்டும். நான் முழுகினேன். ட்யூப்பை எப்படி முழுக வைப்பது என்று யோசித்து, மேலே மட்டும் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். அப்புறம் டாக்டரம்மாவுக்குப் போன்.

"வெளிய எவ்வளவு நேரம் இருந்துச்சும்மா?"

"வீட்டுல இருந்து முச்சந்தி வரைக்குங்க டாக்டரம்மா. பொணத்தோட."

"உறையலைல்ல?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"சரி. தடவுங்க" என்றார்.

மூன்று நாளும் ஒழுங்காகத் தடவினேன். தடவும்போது இவர் வேண்டுமென்றே காலை இழுத்துக்கொண்டு, "பாத்து வை, பெரியவரு எதுக்கும் எடங்கொடுக்காத ஆளு, செல்லப் பிரிய விட மாட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்தாலும் எனக்கு உள்ளுக்குள் அந்தப் பயமும் இருந்தது.

அளக்கிற நாளில் இவருக்கும் முகம் வெளுத்திருந்தது. டாக்டரம்மா கட்டை அவிழ்த்தார். ஒரு காகித ஸ்கேலைப் புண்மேல் வைத்தார், பழைய அளவைப் பார்த்தார், மறுபடி வைத்தார். நான் சுவரில் இருந்த காலின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் எலும்புகளை எண்ணினேன், எண்ணி முடிக்க முடியவில்லை.

"பாதிக்கும் கீழ வந்துருச்சு" என்றார். "ஓரத்துல ரோஸ் கலர்ல தெரியுதுல்ல, அது பூராப் புதுச் செல்லு. வெரல எடுக்க வேண்டாம்."

இவர் கட்டைவிரலை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார், பிரேக் மிதிக்கிற மாதிரி. டாக்டரம்மா அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, "இப்ப ஆட்டாதீங்க. இன்னும் ரெண்டு ட்யூப்பு வேணும், காலும் ஊனக் கூடாது" என்றார்.

அந்த இரண்டு ட்யூப்பையும் மெடிக்கலில் கடனுக்குத்தான் வாங்கினோம், சம்பாதிக்கிற ஆள் நாற்காலியில் இருந்தாரே. புண் முழுக்க மூடி, அதற்கென்று ஒரு மெத்துச் செருப்பு வாங்கி, இவர் திரும்ப வண்டி எடுத்து ஒரு மாசம் ஆகிறது. முதல் வாரம் மாட்டுத்தாவணி வரை நானும் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன், பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க. பிடித்தது, ஒவ்வொரு தடவையும். சவாரி முடிந்து வரும்போது மெடிக்கலில் வண்டியை நிறுத்தி முடிந்ததைக் கொடுத்துவிட்டு வருகிறார். நேற்றுக் கொடுத்ததைக் கழித்து, இன்னும் தர வேண்டியது ஆயிரத்து எழுநூறு ரூபாய்.